நீர் மறுக்கிறார்

எங்கள் வீட்டில் யாரும் தம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. தண்ணீரானாலும் காப்பியானாலும் அண்ணாந்துதான். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான். தென்காசியில் மேலவீட்டுக்காரர்கள் என்றால் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். மின்வாரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை, அங்கே கொடுத்த எந்தக் குவளையையும் என் உதடு தொட்டதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம், என் தம்பி மகள் செண்பகா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைப் பற்றித்தான் கேட்டாள். அவள் பாளையங்கோட்டையில் நர்சிங் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். விடுதியிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

"அத்தை, அப்பாவும் சின்னப் பிள்ளையிலேருந்து அண்ணாந்துதான் குடிப்பாவளா?"

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என் தம்பியைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. வேறு நேரத்திலும் இல்லை. தம்பி பெயர் குத்தாலிங்கம். மனைவி காய்ச்சலில் போனபிறகு குடிக்கத் தொடங்கினான். குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் பட்டப்பகலில், தெருவே பார்க்க, வாசல்படியில் விழுந்து கிடந்தான். தெளிந்ததும் கூப்பிட்டுச் சொன்னேன்: "குடியை விட்டுட்டு வா. இல்லேன்னா இந்த வாசல்ல கால் வைக்காத." போய்விட்டான். சில மாதம் கழித்து, மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் மஸ்கட்டில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். வாசலில் கால் வைக்காதே என்று சொன்னதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பெண் குழந்தை வளர்கிற வீடு அது.

"என்னத்துக்கு இப்பம் அந்தப் பேச்சு?"

"சொல்லுங்களேன்."

"மேலவீட்டுல பிறந்தவன் வேற எப்படிட்டி குடிப்பான்?"

அவள் சோற்றை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா மஸ்கட்ல இல்ல அத்தை. ஏழாம் கட்டில்ல இருக்காவ."

நான் எழுந்துவிட்டேன். "எந்த ஆஸ்பத்திரி? இரு, சேலை மாத்திட்டு வாறேன்."

"ஆஸ்பத்திரி இல்ல. எங்க காலேஜ். அத்தை, உக்காருங்க. அப்பா உசிரோட இல்ல. அது மறுவுடல்."

மறுவுடல் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று தெரிந்துகொள்ளும் அவசியம் எனக்கு வந்ததில்லை. உட்கார்ந்தேன். அவள் சொன்னாள்.

"புஸ்தகத்துல படிச்சதை நேரா நோயாளி மேல செஞ்சு பார்க்கக்கூடாதுன்னு சட்டம் வந்துட்டுல்லா. முதல்ல மறுவுடல்ல தேறணும். பொம்மைன்னு நினைக்காதீங்க. சூடு இருக்கும், மூச்சு இருக்கும், வேர்க்கும். சாகக் கிடக்க ஒருத்தர் சம்மதிச்சா, அவரோட கடைசி நாட்களை அப்படியே பதிஞ்சுக்கிடுவாங்க. எங்க தொட்டா வலிக்கு, எதுக்குப் பயப்படுதாரு, என்ன பேசுதாரு, எல்லாம். அதை அந்த உடம்புக்குள்ள ஏத்திருவாங்க. காலையில வகுப்புல ஈரல் கெட்டுப்போனா என்ன ஆகும்னு படிப்போம். மத்தியானம் மஞ்சக் கண்ணோட ஒருத்தர் எங்களைப் பார்ப்பாரு."

"முகம்?"

"முகத்தையும் குரலையும் மாத்திருவாங்க. பேரு கிடையாது. நம்பர்தான்."

"அப்பம் குத்தாலிங்கம்னு நீ எதை வச்சுச் சொல்லுத?"

"நாக்கு வறண்டு வெடிச்சுக் கிடக்கு அத்தை. தாகம்னு மானிட்டர்ல காட்டுது. குடிக்கக் குடுக்குத கிண்ணம் ஒண்ணு இருக்கும், மூக்கு வச்சது. அந்த மூக்கை உதட்டுல வச்சா முகத்தைத் திருப்பிக்கிடுதாவ. யாரு குடுத்தாலும் அப்படித்தான். 'மேலவீட்டுக்காரன் வாய் வச்சுக் குடிக்க மாட்டான், அக்கா வையும்'ங்காவ."

"மேலவீடு ஊருக்கு ஊர் இருக்கு," என்றேன். வாய் அப்படிச் சொன்னது. சின்ன வயதில் அவன் ஒருதரம் சொம்பில் வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்து முழித்த முழி என் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கு அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

"கேஸ் தாள்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'மனக்குழப்பம். நீர் மறுக்கிறார்.' அதுதான் சரியான விடை. அப்படி எழுதினாத்தான் மார்க்கு."

"உனக்கு எப்பம் தெரியும்?"

"முதல் வாரமே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா பதிவை அழிக்கச் சொல்லிருவீங்க."

என்னைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருந்தாள். அப்போது நான் அதைத்தான் முடிவு செய்திருந்தேன்.

"உடம்பைத் துடைச்சு விடுவீங்களோ?"

"ஆமா. படுக்கையிலேயே உடம்பு துடைக்குதது, மலம் எடுக்குதது எல்லாம் பாடம்தான்."

"யாரு?"

"எல்லாரும்தான் அத்தை. எல்லாக் காலேஜ்லயும். பதிவு ஒண்ணு. உடம்பு காலேஜுக்கு ஒண்ணு."

மேலவீட்டு ஆண்பிள்ளை ஒருவனை, மாநிலத்தில் உள்ள அத்தனை ஊர்ப்பிள்ளைகளும் புரட்டிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையைக் கழுவினேன். அன்று அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். செண்பகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்கு அப்பா முகம் நினைவே இல்ல. நீங்க போட்டோவையும் கழட்டி வச்சிட்டீங்க. அங்க போனா ஒரு முகம் இருக்கு. அது அவுக முகம் இல்லதான். ஆனாலும் ஒண்ணு இருக்கு. அழிச்சிராதீங்க அத்தை."

"ஊர் பார்த்துச் சிரிக்கதுக்கு அப்பாவைப் படுக்கப் போட்டு வச்சிருக்கணுமோ?"

"யாரும் சிரிக்கல. என்கூடப் படிக்க பௌசியா மட்டும் சிரிப்பா. அவ எல்லாத்துக்கும் சிரிப்பா."

பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். நரைத்த தலை, சேலைமேல் வெள்ளைக் கோட்டு, நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருந்த சின்னக் கடிகாரம். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏழாம் கட்டில்ல இருக்கது என் தம்பி. அவனை அழிக்கணும்."

அவர் செண்பகாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஜெசிந்தாவுக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. "இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலியே பிள்ளை," என்று மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்களுக்கு உரிமை இருக்கும்மா. ரத்த உறவு கேட்டா எல்லாக் காலேஜ்லயும் ஒரே நேரத்துல அழிஞ்சிரும். ஆனா, அவர்தான்னு நீங்க நேர்ல பார்த்து உறுதி சொல்லணும். முகத்தை வச்சுச் சொல்ல முடியாது. நடத்தையை வச்சுத்தான்."

"ஆஸ்பத்திரில என்ன பேரு குடுத்திருந்தான்?"

"சங்கரன்னு குடுத்திருக்காரு. ஊர் இல்ல, உறவு இல்ல. கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுல காவல் வேலை பார்த்தவராம். பதிவுக்குச் சம்மதிக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காரு. முகம் வெளிய தெரியக்கூடாதுன்னு. சட்டப்படியே முகத்தை மாத்திருவோம். அது தெரியாம அவர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்காரு. எங்க வீட்டுக்கு ஒரு பேர் இருக்கு, அது கெட்டுரக்கூடாதுன்னு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பார்த்தீங்களா? குடிச்சு அழிஞ்சாலும் அவனுக்கு அது தெரிஞ்சிருக்கு."

ஜெசிந்தா மேஜைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா? புஸ்தகத்துல இல்லாததா இங்க இருக்கு?" என்றேன்.

"எங்க காலத்துல மறுவுடல் கிடையாதும்மா. படுக்கைப்புண் பத்திப் பரீட்சையில நான்தான் முதல் மார்க். மறுநாள் வார்டுல ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்க வச்சேன். புஸ்தகத்துல போட்டிருந்தபடியேதான் செஞ்சேன். அவர் போட்ட சத்தம் புஸ்தகத்துல இல்ல. என் கையில எங்க தப்புன்னு அவர் வலியிலதான் படிச்சேன். அவர் உசிரோட இருந்தாரு. அதுதான் அதுல உள்ள கஷ்டம். இன்னும் என் கனவுல வாராரு."

"செத்தவனுக்கு வலிக்காதா?"

"வலிச்சா எப்படி இருப்பாரோ அப்படி இருப்பாரு. உள்ள வலி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லுதவங்களை நான் நம்புததும் இல்ல."

அன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. பயிற்சி வார்டு உண்மையான ஆஸ்பத்திரி வார்டு போலவே இருந்தது, டெட்டால் வாசனை உட்பட. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் நானும் ஜெசிந்தாவும் நின்றோம். உள்ளே நடக்கிற பேச்சு இங்கே கேட்கும்.

ஏழாம் கட்டிலில் கிடந்தவனுக்கு யாருடைய முகமோ இருந்தது. உருண்டை முகம். நான் பார்த்திராத மூக்கு. கண் மஞ்சளாக இருந்தது. வயிறு பானைபோல உப்பியிருந்தது. என் அம்மா காலத்தில் மகோதரம் என்பார்கள். குரங்குக் குட்டி கிளையைப் பிடித்த மாதிரி இடது காலைத் தூக்கி வலது கணுக்கால்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். எங்கள் அப்பா முன்னால் அப்படிப் படுக்காதே என்று நான் அவனைப் பலமுறை அதட்டியிருக்கிறேன்.

"அவன்தான்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா," என்றார் ஜெசிந்தா.

முதலில் வந்தவள் பௌசியா. துறுதுறுவென்று இருந்தாள். கை கழுவினாள். டேப்பைச் சுற்றி வயிற்றை அளந்தாள். கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் ஒப்பித்தபடியே செய்தாள்.

"வணக்கம் ஐயா. என் பேரு பௌசியா. முதலாமாண்டு மாணவி. இப்பம் உங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கப் போறேன். உங்களுக்குச் சம்மதமா?"

"எதுக்குத் தாயி இவ்வளவு மரியாதை? நான் என்ன கலெக்டரா?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குரல் வேறு. அந்தக் குறும்பு வேறு யாருடையதும் இல்லை.

பௌசியா அவன் தலையை உயர்த்தி, கிண்ணத்தின் மூக்கைக் கீழுதட்டில் வைத்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம் தாயி."

"நாக்கெல்லாம் காய்ஞ்சு கிடக்கே ஐயா."

"காயட்டும். மேலவீட்டுக்காரன் வாய் வச்சுக் குடிக்க மாட்டான். அக்கா வையும்."

பௌசியா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "மேடம், இவுக அக்காவை ஒருநாள் கூட்டிட்டு வாங்க மேடம். அந்த அம்மாகிட்ட நாலு கேள்வி கேக்கணும். அவங்களால, இவுககிட்ட மல்லுக்கட்டி நேரம் போயி, நான் ரெண்டு மட்டம் ஃபெயிலு."

மறுபடியும் சிரிப்பு. செண்பகா மட்டும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது. நான் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பௌசியா தாளில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று பார்க்க வேண்டியதில்லை.

"இந்தப் பதிவு வந்ததுலேருந்து அதையேதான் எழுதுதாங்க," என்றார் ஜெசிந்தா. "நானும் சரின்னு மார்க் போட்டேன். ஈரல் கெட்டவங்களுக்குப் புத்தி தடுமாறும்னு புஸ்தகத்துல இருக்கு. தடுமாறுதாருன்னே நினைச்சோம்."

அடுத்தது செண்பகா. கை கழுவியபின் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவனைத் தொட்டாள். முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கிண்ணத்தை எடுக்கவில்லை. சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, வாய்க்கு மேலே பிடித்து, கன்னத்தின் உட்புறமாக ஒவ்வொரு சொட்டாகப் பிழிந்தாள். பஞ்சு உதட்டில் படவே இல்லை.

"மயக்கத்துல இருக்கவங்களுக்கு மேலேருந்து ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும்," ஜெசிந்தா தாழ்ந்த குரலில் விளக்கினார். "அது பாடம். உதட்டுல படக்கூடாதுங்கது உங்க வீட்டு வழக்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா. புஸ்தகத்துல கிடையாது. இதுக்கு எப்படி மார்க் போடன்னு எனக்கே தெரியல."

அவன் விழுங்கினான். பிறகு கண்ணைத் திறந்து செண்பகாவைப் பார்த்தான்.

"நீ யாரு பிள்ளைம்மா?"

"இங்க படிக்கேன்."

"நல்ல கை. நான் இங்கன கிடக்கேன்னு எங்கக்காகிட்டச் சொல்லிராத, என்ன? மஸ்கட்ல இருக்கேன்னு சொல்லிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. அதுக்கும் அக்கா அப்படித்தான் சொல்லிருக்கும்."

"சொல்லிருக்கும்."

"நல்லா இருக்கும்லா அது?"

"நல்லா இருக்கு," என்றாள் செண்பகா. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்னொரு பஞ்சை நனைத்தாள். இதே பேச்சை அவள் எத்தனை முறை பேசியிருப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் புதிதாகக் கேட்டிருப்பான்.

"தாகம் தீர்ந்துச்சா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"இந்தச் சொட்டு நாக்கு நனையத்தான் காணும். மானிட்டரைப் பாருங்க, அப்படியேதான் இருக்கு. ஆஸ்பத்திரில ஊசி வழியா உடம்புக்கு நீர் ஏத்தியிருக்காங்க. உடம்புக்குக் குறை இல்ல. வாய்தான் கடைசி வரைக்கும் காய்ஞ்சே கிடந்திருக்கு."

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் விலகி நின்றார்கள். கட்டிலருகே இருந்த ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே, பௌசியா வைத்துவிட்டுப் போன கிண்ணத்தை எடுத்தேன்.

"யாரு?" என்றான்.

"நாந்தாம்ல. உலகு."

என் முழுப்பெயர் உலகம்மாள். உலகு என்று என்னைக் கூப்பிட இப்போது ஊரில் யாரும் இல்லை.

அவன் கண் சுழன்றது. "அக்காவா? அக்கா எப்படி இங்கன வரும்?"

அவனுடைய பயம் எதனால் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை வைத்தவள் நான். எடுக்க வேண்டியவளும் நான் என்று நினைத்தேன். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, கிண்ணத்தின் மூக்கை என் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். பிளாஸ்டிக் வாடை அடித்தது.

"பாத்தியா? நானே வாய் வச்சுட்டேன். இனி உன்னை யாரு வைய? குடி."

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். அந்த அந்நிய முகத்தில் ஒரு விலகல் வந்தது. வழி தவறி வந்தவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு சொன்னான்.

"நீங்க எங்கக்கா இல்ல. எங்கக்கா வாய் வைக்காது."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பௌசியாகூடச் சிரிக்கவில்லை. நான் யார் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். என் உதட்டில் ஈரம் இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. மேலதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன். நீதிமன்றத்தில் ஒருமுறை சாட்சிக்கூண்டில் நின்றிருக்கிறேன். எங்கேயும் எனக்கு வார்த்தை வராமல் போனதில்லை.

அவன் இடது கால் மறுபடி மெல்ல நகர்ந்து, வலது கணுக்கால்மேல் ஏறியது.

"ஏல குத்தாலம்!"

என் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"மூதி! காலு மேல காலைப் போட்டுப் படுக்காதன்னு எத்தனை மட்டம் சொல்லிருக்கேன்? அப்பா வாராகன்னா என்ன செய்வ? இறக்குல காலை!"

கால் இறங்கியது. உடனே இறங்கியது.

"எழுந்திரு. வாயைத் திற. அண்ணாந்து குடி. ஒரு சொட்டு சட்டையில விழுந்துச்சோ, பாத்துக்க!"

வாயைத் திறந்தான். நான் கிண்ணத்தை உயர்த்தினேன். செண்பகா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தை, இருங்க. நெஞ்சுக்குள்ள போயிரும்."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவன் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தோளோடு அணைத்து, தலையைச் சற்றே ஒருபக்கம் சாய்த்தாள். "நூலா ஊத்துங்க. நான் சொல்லும்போது நிறுத்துங்க."

ஊற்றினேன்.

"நிறுத்துங்க. விழுங்கட்டும். ம். இப்பம் ஊத்துங்க."

என் கை அவள் சொன்னபடி ஏறி இறங்கியது. என் வாழ்க்கையில் எங்கள் வீட்டில் யார் சொல்லியும் என் கை அப்படி ஏறி இறங்கியதில்லை. அவன் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். கிண்ணம் காலியாயிற்று. இன்னொரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தவள் பௌசியா. அதுவும் காலியாயிற்று.

அவன் மகள் தோளில் சாய்ந்தபடி, அவள் யாரென்று தெரியாமல், என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வஞ்சிரு அக்கா. இன்னும் கொஞ்சம் வஞ்சிரு."

வைதேன். தெரிந்த வசவையெல்லாம் வைதேன். தேர்வு நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை வைதேன். மணி அடித்ததும் அவன் கண் அப்படியே நின்றது. மூச்சு நின்றது. செண்பகா அவனை மெல்லப் படுக்க வைத்து, வேட்டியைச் சரி செய்து, வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அடுத்த முறை தொடங்கும்போது அவனுக்கு எதுவும் நினைவிருக்காது.

அலுவலக அறையில் அழிப்பதற்கான படிவம் மேஜைமேல் தயாராக இருந்தது. செண்பகா உள்ளே வரவில்லை. கதவருகே நின்றாள்.

"இறக்குல காலைன்னு சொன்னதும் இறக்கினானே. அது பதிவுல உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பதிவுல இல்லாதது நடந்தா, அவர் என்ன செஞ்சிருப்பாருன்னு கணிச்சுச் செய்யும்."

"அப்பம் அது அவனா, கணக்கா?"

"தாகம் அவரோடது," என்றார் ஜெசிந்தா. "மத்தது எனக்குத் தெரியாது."

படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதை உள்ள வையுங்க. கட்டில்ல அவன் பேரை எழுதணும். சு. குத்தாலிங்கம், மேலவீடு, தென்காசி."

"பேரை அவரே மறைச்சிருக்காரேம்மா."

"அவன் சின்னவன். வீட்டுக்கு மூத்தவ நான். பேரில்லாம ஊர்ப்பிள்ளைக கையில கிடக்க அவன் அனாதை இல்ல. இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதவனுக்குப் பேரு வேணும். பழைய முகத்தை வைக்க வேண்டாம். அது அவன் கேட்டது, இருக்கட்டும்."

கதவருகே செண்பகா தன் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நீர் மறுக்கிறார்னு இனி யாரும் எழுதக்கூடாது. வாய் வச்சுக் குடிக்க மாட்டார்னு எழுதணும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

"எழுதுவோம்," என்றார். பேனாவை எடுத்து அப்போதே குறித்துக்கொண்டார். பிறகு தயங்கினார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க குரலைப் பதிஞ்சு குடுத்தா எல்லாக் காலேஜ்லயும் அவருக்கு… நோயாளியை வையக்கூடாதுங்கதுதான் நாங்க சொல்லிக் குடுக்குத முதல் பாடம். பிள்ளைகளை வையச் சொல்ல எனக்கு வழி இல்ல. நீங்க வஞ்சாத்தான் உண்டு."

"மத்தக் காலேஜ்ல எல்லாம் இன்னைக்குத் தேர்வா?"

"ஆமா. மாநிலம் முழுக்க ஒரே நாள்தான்."

"அங்க எல்லாம் அவனுக்கு இப்பம் தாகமா இருக்குமோ?"

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது போதும்.

"என் தம்பியை வைய எனக்கு மட்டும்தான் உரிமை," என்றேன். "யோசிச்சுச் சொல்லுதேன்."

திரும்பும் பேருந்தில் தனியாகத்தான் வந்தேன். செண்பகாவுக்கு மத்தியானம் வகுப்பு இருந்தது. வெயில் கடுமையாக இருந்தது. வழி நெடுகக் கண்ணில் பட்ட ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த மாநிலத்தில் எத்தனை ஊர்களில் நர்சிங் கல்லூரி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் கிண்ணத்தை நீட்டுகிறாள். அவன் என்னை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஆலங்குளம் வருவதற்குள் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, அடுத்த திங்கட்கிழமை வந்து குரல் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கும் தாகம் எடுப்பது தெரிந்தது. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அண்ணாந்தேன். சாலை மோசம். பேருந்து தூக்கிப் போட்டதில் தண்ணீர் கன்னத்தில் கொட்டிக் கழுத்து வழியாக இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்:

"வாய் வச்சே குடிங்கம்மா. உங்க பாட்டில்தான, யாரு என்ன சொல்லப் போறா? சேலையெல்லாம் நனையுதுல்லா."

நான் மறுபடியும் அண்ணாந்துதான் குடித்தேன். பாதிதான் வாய்க்குள் போயிற்று.

ஒருமுறை நான் வாய் வைத்தது அவனுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கும். இனி ஒருமுறை வைத்தேன் என்றால் அது என் குரலில் தெரிந்துவிடும். அவன் என்னை நம்ப மாட்டான்.